வாரத்துக்கு விட்ட குதிரை

சூப்புக்கு உப்புப் போடுவதென்றாலும் அவ என்னைத்தான் கேட்பா. கரண்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல் நான் நிலம் துடைக்கிற இடத்துக்கு நடந்து வந்து, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று நீட்டுவா. நான் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாயில் வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்பேன். திரும்பிப் போய்ப் போடுவா. நான் அந்த வீட்டுக்குக் கூட்டித் துடைக்கப் போனவள். சமைக்கப் போனவள் இல்லை.

அவவின் பேரை நான் எழுதப் போவதில்லை. அந்த நாளிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஃப்ராவ்" என்பேன், அம்மா என்கிற மாதிரி, அவ்வளவுதான். எண்பத்தாறு, எண்பத்தேழாம் ஆண்டுக் காலம். சுவிஸில், வின்டர்தூரிலிருந்து மஞ்சள் தபால் பஸ்ஸில் மேட்டுக்கு ஏறினால் வருகிற கிராமம். அவ ஒரு பல் வைத்தியரின் பெண்சாதி. வைத்தியர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. பெரிய வீடு, நிறைய யன்னல். அகதிகளுக்கு உதவி செய்கிற தேவாலயத்து ஆட்கள்தான் என்னை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள்.

அப்போது எங்களுக்கு எல்லாரும் சொல்லுவார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்தக் கதிரையில் இரு, இந்த இடத்தில் கையெழுத்து வை, அந்த வரிசையில் போய் நில். கந்தோரிலே எனக்குப் பிள்ளை வயதுப் பெடியள் எனக்கு "டூ" போட்டுக் கதைத்தார்கள். டூ என்றால் நீ. அவ முதல் நாளே எனக்கு "ஸீ" என்றா. அது நீங்கள். டொச் என்கிற ஜேர்மன் மொழியில் நான் முதலில் பிடித்துக்கொண்ட வித்தியாசம் அதுதான். மானத்தோடு வாழ்ந்த ஆளுக்கு அது சின்ன விசயம் இல்லை.

முதல் மாரியில் என் சப்பாத்து நனைந்து ஊறியிருந்ததைக் கண்டா. உள்ளே போய்த் தன்னுடைய இரண்டு சோடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. "எது வேணும்? நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்றா. எங்களுக்குத் தந்தவர்கள் நிறையப் பேர். எது வேணும் என்று கேட்டுத் தந்தது அவ மட்டும்தான். அதையும் நான் சொல்லத்தான் வேணும்.

நாங்கள் கதைத்தது அரைவாசி டொச், அரைவாசி கை. இங்கே எல்லாவற்றையும் எங்கட தமிழில் எழுதுகிறேன். அவ சொன்னதன் பொருள் எனக்கு வடிவாய்த் தெரியும்.

என் மனுசன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். பின்னேரம் நான் கதவைத் திறக்கவே தொடங்கிவிடுவார்.

"மந்திரி அம்மா வாறா. இண்டைக்கு என்ன சட்டம் போட்டனீங்கள்?"

"திரைச்சீலைக்குப் பச்சை எண்டு சொல்லிப்போட்டு வாறன்."

"என்ரை சட்டைக்கு நிறம் சொல்ல ஆளில்லை. அங்கை திரைச்சீலைக்கோ?"

"கேக்கிறவைக்குச் சொல்லுறன். நீங்கள் என்னை ஒருநாளாவது கேட்டனீங்களே?"

அவர் சிரிப்பார். கேட்டதில்லைதான். கலியாணத்துக்கும் என்னைக் கேட்கவில்லை, கொழும்பிலே பிளேன் ஏறவும் கேட்கவில்லை.

பச்சைத் திரைச்சீலை தைத்துத் தொங்கவிட்டாயிற்று. பாசல் நகரத்திலிருந்து அவவின் தமக்கை வந்தா. மண்டபத்துக்குள் காலை வைத்ததும், "என்ன இது, குளத்துக்குள்ளை இருக்கிற மாதிரி" என்றா. இவ உடனே என் பக்கம் கையைக் காட்டி, "பச்சை எண்டது இவதான்" என்றா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய வீட்டு விசயத்தில் என் பேர் அடிபடுகிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடையில் இரண்டு பாற்கட்டிக்கு முன்னால் நின்றால் அவவுக்கு நேரம் போவது தெரியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் காலைக் கடித்துக்கொண்டு நிற்பா. ஆராவது ஒருவர், முன்பின் தெரியாத ஆள் என்றாலும் சரி, "இதை எடுங்கோ" என்று சொன்னால் போதும். குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்த ஆளைப் போல முகம் இளகிப் போகும். ஒருமுறை வைத்தியரின் சமாதிக்குப் பூ வைக்க என்னையும் கூட்டிப் போனா. கறுத்தக் கல். "எனக்குப் பிடிக்கேல்லை, கல்லுக்காரர் சொன்னது" என்றா. வரும் வழியில், "வைத்தியரையும் அம்மாதான் சொன்னவ" என்றா. பகிடியாகச் சொல்கிறா என்று நினைத்துச் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

பிறகு வீட்டோடு நின்ற பிளம்ஸ் மரம். இலை விழுந்து கூரைப் பீலி அடைக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டா. கூரைக்கு மேலே நிற்கிற கொப்பை மட்டும் தறியுங்கோ என்றேன். அடுத்த திங்கட்கிழமை போனால் மரமே இல்லை. அடிக்கட்டை மட்டும் நின்றது. பக்கத்து வீட்டுக் கிழவர் பஸ் தரிப்பில் என்னைக் கண்டால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லுகிறவர். அன்றைக்குச் சொல்லவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன். "உங்கட ஊரிலை வீட்டுக்குக் கிட்ட மரம் நிண்டால் கூடாதெண்டால் உங்கட ஊரிலை தறியுங்கோ. இது நான் பிறக்க முதல் நிண்ட மரம்" என்றார்.

நான் அவவிடம் கேட்டேன். "கொப்பைத்தானே சொன்னனான்?"

அவ என் தோளில் கையை வைத்தா. "உங்கட டொச் எனக்கு விளங்கேல்லைப் போலை. விடுங்கோ, ஒரு மரம்தானே" என்றா. நிலவறைக்குப் போய் அந்த மரத்துப் பழத்தில் காய்ச்சிய ஜாம் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. நான் நம்பினேன். என் டொச்சில்தான் பிழை என்று வீட்டுக்கு வந்து மனுசனுக்கும் சொன்னேன். ஜாம் நல்லாய்த்தான் இருந்தது.

இனிக் குதிரை.

வைத்தியர் விட்டுப் போன குதிரை அது. சிவலை நிறம், நெற்றியிலே வெள்ளை. பஸ்ஸின் கடைசித் தரிப்பில் ஒரு லாயம். அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்குக் குதிரை ஓடப் பழக்குவார்கள். வெளியாட்களின் குதிரைகளையும் மாத வாடகைக்குக் கட்டிப் பார்ப்பார்கள். அவ அந்தக் குதிரையிலே ஏறினதில்லை. பயம். விற்கவும் மனம் வரவில்லை, வைத்துப் பார்க்கவும் ஏலவில்லை. முழங்கால் நோ வேறு. என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளி நின்று பார்ப்பா.

நான் நெடுந்தீவுக்காரி. எங்கட தீவிலே மட்டக்குதிரைகள் தம்பாட்டில் திரியும். ஒருவரும் அவைக்கு மயிர் சீவி விடுவதில்லை. இங்கே ஒரு குதிரைக்கு முதுகுக்கு ஒரு பிரஷ், பிடரிக்கு ஒரு பிரஷ், குளம்புக்கு ஒரு கொக்கி, குளிருக்குப் போர்வை. "குதிரைக்கு இருக்கிற போர்வை உங்களுக்கு இல்லை" என்று மனுசனிடம் சொன்னேன். "அப்ப என்னையும் கொண்டுபோய் அங்கை கட்டன்" என்றார்.

லாயத்தில் வேலை செய்தவன் ஒரு போர்த்துக்கல்காரன். மேல்மாடியில் படுக்கை. அவனுக்கும் எனக்கும் தெரிந்த டொச் ஒரே அளவு, அதனால் நல்லாய் விளங்கும். என்னைத் "தோனா" என்பான். அவர்கள் பக்கத்தில் மதிப்பான பெண்ணை அப்படிக் கூப்பிடுவார்களாம். சிவலையின் காதுக்குள் அவன் தன் மொழியில் ஏதோ சொல்லுவான். அது தலையை அவன் தோளில் வைக்கும்.

ஒருநாள் லாயக்காரர் அவவிடம் ஒரு கதை சொன்னார். குதிரை இங்கேயே நிற்கட்டும், வாடகையைப் பாதியாக்குகிறேன். பதிலுக்குப் பழக வருகிற பிள்ளைகள் அதில் ஓடட்டும். "தன்ரை வாடகையைத் தானே உழைச்சுக் கட்டுற குதிரை" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த ஒரு விசயத்தை அவ எத்தனையோ கிழமை தூக்கிக்கொண்டு திரிந்தா. தலைமயிர் வெட்டுகிறவளைக் கேட்டா. குதிரைக்கு நடை கிடைக்கும், விடுங்கோ என்றாளாம். தமக்கையை டெலிபோனில் கேட்டா. வித்துப்போடு. தபால்காரரைக் கேட்டதை நானே கேட்டேன். "எனக்குக் குதிரை எண்டால் மஞ்சள் பஸ்தான், அம்மா" என்றார் அந்த மனுசன். கடைசியாக என்னைக் கதிரையில் இருத்தி, கோப்பி ஊற்றி வைத்து, மூக்குக்கண்ணாடிக் காலைக் கடித்தா.

"எங்கட ஊரிலை மாட்டை வாரத்துக்கு விடுவினம்" என்றேன். கையாலும் காட்டினேன். "மாடு என்ரை. வளர்க்கிறது நீங்கள். பால் உங்களுக்கு. போடுற கண்டிலை ஒண்டு உங்களுக்கு, ஒண்டு எனக்கு. அதாலை மாட்டுக்கு ஒரு வருத்தம் எண்டால் உங்களுக்கும் நித்திரை வராது."

"அப்ப இதுவும் அதுதானே?"

"இல்லை. இது காயடிச்ச குதிரை. கண்டுமில்லை, பாலுமில்லை. லாயக்காரருக்கு இதின்ரை நேரத்திலைதான் பங்கு. காலிலை பங்கில்லை. கால் போனால் அவருக்கென்ன?"

"அப்ப வேண்டாம் எண்டிறீங்களோ?"

"வேண்டாம். விடத்தான் வேணுமெண்டால் உங்கட ஆள் ஒண்டு ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்க வேணும். ஏலாத நாளிலை ஏலாதெண்டு சொல்ல வேணும். லாயக்காரர் அந்தச் சொல்லைக் கேக்க வேணும். அப்பிடியெண்டால் விடலாம்."

"நீங்கள் போவீங்களோ?"

ஓம் என்றேன்.

அடுத்த நாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு லாயத்துக்குப் போனா. போர்த்துக்கல்காரனும் நிற்கத்தக்கதாக லாயக்காரரிடம் சொன்னா: "இவ சொல்லுறது நான் சொல்லுறது." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "யா, யா" என்றார், ஓம் என்று. நான் முழங்கால் மட்டும் சேறு கிடந்த அந்த முற்றத்திலே பட்டுச் சேலை உடுத்த மாதிரி நடந்தேன்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க வேலை முடிய லாயத்துக்குப் போய்த்தான் வீட்டுக்கு வந்தேன். வயிற்றுப் பட்டி உரசிய இடத்திலே மயிர் உதிர்ந்திருந்தது. சொன்னேன், பட்டியை மாற்றினார்கள். ஒருநாள் மூச்சு ஒரு மாதிரி இருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்றேன், லாயக்காரர் முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டார். "மந்திரிக்கு இப்ப குதிரைப்படையும் இருக்கு" என்றார் மனுசன். எனக்குக் கோபம் வரவில்லை. அந்நிய ஊரில் என் சொல்லுக்கு ஒரு உயிர் கட்டுப்பட்டு நின்றது. அவ தந்த இடம் அது. அதற்காக நான் அவவுக்கு எதுவும் செய்திருப்பேன்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போனபோது போர்த்துக்கல்காரன் என் கையைப் பிடித்துச் சிவலையின் இடது முன்னங்காலில் வைத்தான். பின்பக்க நரம்பு சூடாய், தடித்துப்போய் இருந்தது. "நான் சொன்னால் என்னை ஊருக்கு அனுப்பிப்போடுவார், தோனா. எனக்குச் சில மாதத்துக்குத் தாற சீசன் விசாதான். நீங்கள் சொல்லுங்கோ" என்றான்.

அன்றைக்குப் பிள்ளைகள் தாங்கள் பழகினதைத் தாய் தகப்பனுக்கு ஓடிக் காட்டுகிற நாள். வேலி நீளத்துக்குச் சனம். நல்ல மேல்கோட்டுப் போட்ட சனம். பிள்ளைகளின் தலையில் தொப்பி, கையில் சவுக்கு. நான் சிவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "இண்டைக்கு இது ஓடாது" என்றேன்.

"இண்டைக்கு விளையாட ஏலாது, அம்மா" என்றார் லாயக்காரர். "பிள்ளைக்கு ஒரு குதிரை எண்டு கணக்கு. விடுங்கோ."

"காலைத் தொட்டுப் பாருங்கோ."

"உங்களுக்கு ஆர் இந்த அதிகாரம் தந்தது?"

"ஃப்ராவிட்டைக் கேளுங்கோ."

டெலிபோன் எடுத்தார். அவவும் உடனே காரில் வந்து இறங்கினா. அவவைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. சரி, இனி முடிந்தது என்று கயிற்றைத் தளர்த்திக்கூடப் பிடித்தேன்.

அவ குதிரையைப் பார்க்கவில்லை. வேலியடியில் நின்ற சனத்தைத்தான் பார்த்தா. தேவாலயத்தில் பக்கத்தில் இருக்கிற சனம், பாண்கடையில் காண்கிற சனம்.

"இவ தடுக்கிறா" என்றார் லாயக்காரர். "நீங்களோ தடுக்கச் சொன்னது?"

"நானோ? இல்லையே." அவவின் குரல் மெல்லிசாய், இனிமையாய் இருந்தது. "இவவுக்குக் குதிரையிலை பாசம் கூட. இவையின்ரை ஆக்களுக்கு மிருகமெண்டால் சாமி மாதிரி. இந்த ஒழுங்குக்கு விடச் சொன்னதே இவதான். தங்கட ஊரிலையும் மாட்டை இப்பிடித்தான் விடுவினமாம்."

வேலியடியில் ஆரோ ஒரு பெண் சிரித்தா.

அவ என் பக்கம் திரும்பி, "கயித்தை விடுங்கோ" என்றா. அப்போதும் ஸீதான்.

விட்டேன். போர்த்துக்கல்காரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்து கயிற்றை வாங்கினான். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெட்டையை ஏற்றினார்கள். குதிரை வட்டமாய் ஓடியது. இடது காலை ஊன்றும்போதெல்லாம் தலையை மேலே எறிந்தது. முடியுமட்டும் நின்று பார்த்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

திரும்பி வீட்டுக்குக் காரில்தான் கூட்டி வந்தா. கோப்பி ஊற்றினா. "ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறீங்கள்?" என்றா.

"நான் சொன்னது நீங்கள் சொன்னதெண்டு சொன்னனீங்கள்."

"சொன்னன்தான். ஆனா அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் என்ன செய்யிறது? நான் இந்த ஊரிலை சாகுமட்டும் இருக்க வேணும். உங்களுக்கென்ன? உங்களை ஆர் என்ன நினைச்சாலும் ஒண்டுமில்லைத்தானே." சீனிக் கோப்பையை என் பக்கம் தள்ளினா. "போடுங்கோ. நீங்கள் கூடப் போடுறனீங்கள்."

கோபத்திலே சொல்லியிருந்தால் எனக்குப் பொறுத்திருக்கும். அவ கோபமாய்ச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னா. திரைச்சீலையும் மரமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் சொல்லுக்கு மதிப்பிருக்கிறது என்று அவ கேட்கவில்லை. பழியை என் தலையிலே போட்டால் ஒருவரும் குனிந்து பார்க்க மாட்டார்கள் என்றுதான் கேட்டிருக்கிறா. வீட்டுக் கதவுத் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோப்பி குடிக்கவில்லை.

வேலைக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டேன். பனி உருகிப் போன காலத்தில் ஒரு பின்னேரம் எங்கட கதவு தட்டுப்பட்டது. அவதான். நாலாம் மாடிக்கு அந்த முழங்காலோடு ஏறி வந்திருக்கிறா. மனுசன் கதிரையைத் துடைத்துப் போட்டார். மூச்சு வாங்கி முடியத்தான் சொன்னா. குதிரையின் நரம்பு அறுந்துவிட்டதாம். இனி ஓடாது. லாயக்காரருக்கு இனி அது வேண்டாமாம். மிருக வைத்தியர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஒன்று, இறைச்சிக்காரரைக் கூப்பிடுவது. மற்றது, யூரா மலைப் பக்கத்தில் வயதான குதிரைகளைப் புல்லில் விட்டுப் பார்க்கிற இடத்துக்கு அனுப்புவது. அங்கே அது நொண்டி நொண்டியாவது தன்பாட்டில் மேயும்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றா. மூக்குக்கண்ணாடி கையில் இருந்தது. "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

மனுசன் குசினிக்குள் இருந்து தமிழில், "வாயைத் திறவாதை. பட்டது காணும்" என்றார்.

நான் திறக்காமல் இருந்தால் மற்றவர்கள் திறப்பார்கள். தமக்கை என்ன சொல்லுவா என்று தெரியும். தலைமயிர் வெட்டுகிறவள் என்ன சொல்லுவாள் என்றும் தெரியும். அந்தக் குதிரைக்கென்று கதைக்க வேறு ஒருவரும் இல்லை. ஆனபடியால் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, பிழை விடாமல், டொச்சிலே சொன்னேன்.

"புல்லுக்கு அனுப்புங்கோ. ஆரும் கேட்டால் நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ. ஏன் இந்த வீண் செலவு எண்டு கேட்டாலும் அந்தத் தமிழ்ப் பொம்பிளை விடேல்லை எண்டு சொல்லுங்கோ. என்ரை பேரை வடிவாய்ச் சொல்லுங்கோ."

அவவின் முகம் இளகியது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தா. நான் தேத்தண்ணி ஊற்றினேன். அவர்களுக்கு எங்கட தேத்தண்ணி இனிப்புக் கூட. ஆனாலும் அடிமட்டும் குடித்துவிட்டுப் போனா. யன்னலால் பார்த்தேன், கம்பியைப் பிடிக்காமல் கெதியாய் வாசல் படி இறங்கிப் போனா.

முந்தி என் பேரை அவ கேளாமல் எடுத்தா. இந்த முறை நான் அறிந்துகொண்டு கொடுத்தேன். அந்த வசந்தம் முழுக்க எனக்கு மனதிலே ஒரு பாரமும் இருக்கவில்லை.

கோடை தொடங்க, அந்த மேட்டிலேயே வேறொரு வீட்டுக்கு யன்னல் துடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். அதே மஞ்சள் பஸ். நடுவிலே ஒரு தரிப்பில் போர்த்துக்கல்காரன் பாண் பையோடு ஏறினான். கண்டு கையைக் காட்டினேன். அவன் தலையை அசைத்தான், தோனா என்று சொல்லவில்லை.

"சிவலை எப்பிடி? புல்லிலை நல்லாய் நிக்குதாமோ?" என்றேன்.

"எந்தப் புல்லு?"

"யூரா மலைப் பக்கத்திலை" என்றேன்.

"ஈஸ்டர் முடிய இறைச்சிக்காரர் வண்டி கொண்டந்தவர்" என்றான். "அது ஏற மாட்டன் எண்டு நிண்டது. என்னைத்தான் ஏத்தச் சொன்னவை. நான் கூப்பிட ஏறினது." பாண் பையை மற்றக் கைக்கு மாற்றினான். "நீங்கள்தானே சொன்னீங்களாம். வேதனைப்படுற மிருகத்தை வைச்சிருக்கக் கூடாது, கெதியாய் முடியுங்கோ, உங்கட சமயத்திலை அதுதான் முறை எண்டு. ஃப்ராவ் எல்லாருக்கும் சொன்னவ. அழுது அழுது சொன்னவ."

"நைன்" என்றேன், இல்லை என்று. அந்தச் சொல்லுக்கு டொச் படித்திருக்கத் தேவையில்லை. "நான் புல்லு எண்டுதான் சொன்னனான்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நம்ப விருப்பப்பட்ட மாதிரித்தான் பார்த்தான். பிறகு எட்டி மணியை அமத்தினான். லாயத்துக்கு இன்னும் நல்ல தூரம் இருந்தது. பஸ் நிற்க இறங்கி, பாண் பையோடு மேட்டிலே நடக்கத் தொடங்கினான். பஸ் அவனைத் தாண்டிப் போகையில் நான் யன்னலில் கையை வைத்தேன். அவன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தான்.